பேரக் குழந்தைக்குப் போர்வை தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரனுக்கோ பேத்திக்கோ கையால் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கொடுக்கப்போகும் நாளை மனத்தில் வைத்தே தைக்கிறார்கள். பிரித்ததும் எல்லோரும் வியக்க வேண்டும் என்ற ஆசையில் பட்டுத் துண்டும் சரிகையும் மணிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் குழந்தையின் போர்வை தரையில் இழுபடும், அதன்மேல் பால் கொட்டும், நாற்காலிகளுக்கு நடுவே கூடாரமாகும், அடிக்கடி சலவை இயந்திரத்துக்குள் போய்வரும். எனவே துவைக்கும் நாளை நினைத்துத் தையுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அதை மறப்பதால் வருபவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு. பிறந்த குழந்தைக்குப் பரிசாகத் தந்து, அதை மேலே போர்த்தித் தூங்க வைக்கச் சொல்வது பெரிய தவறு. ஒரு வயது நிரம்பும் வரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை போன்ற மென்மையான பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி அறிவுறுத்துகிறது. துணி மூக்கையும் வாயையும் மூடினால் அதை விலக்க அந்த வயதில் தெரியாது. ஆகவே பெற்றோர் அந்தப் போர்வையை எடுத்து வைத்தால் மனம் வருந்தாதீர்கள். அவர்கள் செய்வது சரி. முதல் வருடத்தில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, குழந்தை தரையில் கிடந்து விளையாட அதை விரித்துக்கொள்ளலாம்.

பொத்தான், மணி, குஞ்சம், ரிப்பன் எதுவும் வேண்டாம். போர்வையில் வரும் கரடி உருவத்துக்குக் கண் வேண்டுமென்றால் நூலாலேயே தைத்துவிடுங்கள். ஏறக்குறைய 3 செ.மீ. குறுக்களவுக்குள் அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது. தைக்கும்போது குத்திய ஊக்குகளையும் குண்டூசிகளையும் எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்து, முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும் வரை போர்வை வீட்டை விட்டுப் போகக் கூடாது.

அளவில் நடக்கும் தவறு, தொட்டிலை மட்டும் பார்த்துத் தைப்பது. 90 செ.மீ. சதுரம் இரண்டு மூன்று வயதிலேயே காலை மூடப் போதாது. 100-க்கு 140 செ.மீ. அளவில் தைத்தால் பள்ளி நாட்கள் வரை உதவும். வாத்தும் பால்புட்டியும் அச்சிட்ட துணியை மட்டும் வைத்துத் தைத்தால், ஏழு வயதில் ‘இது பாப்பா போர்வை’ என்று குழந்தையே ஒதுக்கிவிடும். கேட்டால் சொல்லும் வயதென்றால் பிடித்த நிறத்தைக் கேட்டுவிடுங்கள். இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: முதல் பேரக் குழந்தைக்குத் தைத்தால் அடுத்தடுத்த பேரக் குழந்தைகளும் எதிர்பார்ப்பார்கள். திரும்பத் தைக்கக்கூடிய எளிய வடிவமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

துணி விஷயத்தில்தான் அதிகமான போர்வைகள் கெடுகின்றன. புதிய பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கலாம். ஒரு மீட்டரில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் போய்விடும். ஒரு துண்டைத் துவைத்தும் பக்கத்துத் துண்டைத் துவைக்காமலும் தைத்தால், முதல் சலவைக்குப் பிறகு ஒன்று இழுக்கும், மற்றொன்று உப்பும். துவைப்பதென்றால் எல்லாத் துணியையும் துவைத்து விடுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றுக்குச் சாயச் சோதனையும் அவசியம். துணியின் ஒரு துண்டை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துக் காயவிடுங்கள். வெள்ளையில் கறை படிந்தால் இன்னும் இரண்டு முறை அலசிச் சோதியுங்கள். அப்போதும் சாயம் விட்டால் அந்தத் துணி எவ்வளவு பிடித்திருந்தாலும் சேர்க்காதீர்கள். ஒரு சிவப்புத் துண்டு போதும், வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும்.

பழைய உடைகளை வெட்டிச் சேர்ப்பது அருமையான எண்ணம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, மறைந்த தன் கணவரின் வேலை உடைகளைக் கொண்டே 1942-இல் ஒரு போர்வை தைத்தார். போர்த்திக்கொள்வதற்காகத் தைத்த அது பின்னாளில் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கியது. உழைத்துத் தேய்ந்த துணியும் போர்வைக்கு ஆகும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் தேய்ந்ததற்கும் நைந்ததற்கும் வேறுபாடு உண்டு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சல்லடைபோல் தெரிந்தாலோ, இரு கையாலும் இழுத்தால் இழை விலகினாலோ அதை விட்டுவிட்டு, அதே உடையில் கழுத்துப்பட்டையின் உள்புறம், மடிப்புக்குள் இருந்த பகுதி எனத் தேயாத இடத்தைத் தேடுங்கள். டிஷர்ட் போன்ற இழுபடும் துணி என்றால், வெட்டும் முன்பே அதன் பின்புறம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் சதுரமாக வெட்டியது தைத்து முடிப்பதற்குள் வேறு வடிவத்துக்குப் போய்விடும்.

அடுத்தது தையலுக்கு விடும் இடம்: துண்டின் ஓரத்துக்கும் தையல் வரிக்கும் நடுவே உள்ள அகலம். ஒட்டுத்துணி வேலையில் வழக்கம் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மி.மீ. ‘கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன’ என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால், ஓர் இணைப்புக்கு மூன்று மில்லிமீட்டர் குறையும். ஒரு வரிசையில் பத்துச் சதுரங்கள் என்றால் ஒன்பது இணைப்புகள். வரிசை 27 மி.மீ. குட்டையாகிவிடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. இழுத்துப் பிடித்துத் தைத்துச் சமாளித்தாலும் அந்தச் சுருக்கம் கடைசிவரை தெரியும். மூன்று துண்டுகளை மாதிரிக்குத் தைத்து, தேய்த்து, அளந்து பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

துணியை மூலைவாட்டில் வெட்டிய ஓரம் எளிதில் இழுபடும். முக்கோணத் துண்டுகளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி எடுங்கள். சுற்றுக்கரை சேர்க்கும்போது ஓரத்தை அளக்காதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். போர்வையின் நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கே கரையை வெட்டிப் பொருத்துங்கள். நீளமான பட்டையைத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டினால், கரை அலையலையாக நிற்கும்.

மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் அடுக்கும் வேலையை அவசரமாகச் செய்பவர்கள் பின்னால் நிறையப் பிரிக்க வேண்டியிருக்கும். அடித்துணி நாலு பக்கமும் 8 முதல் 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், தைக்கத் தைக்க அது உள்ளே இழுபடும். அடித்துணியை விறைப்பாக விரித்து ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டி, அதன்மேல் பஞ்சு விரிப்பையும் மேல்துணியையும் விரித்து, நடுவிலிருந்து வெளியே நோக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். தையலும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் தொய்வெல்லாம் நடுவில் சேர்ந்து மடிப்பாகிவிடும். தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பஞ்சு விரிப்பின் உறையிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். அதை மீறினால் சில சலவைகளில் பஞ்சு உருண்டு ஒரு மூலையில் சேரும்.

கையால் ஓடுதையல் போடுபவர்கள் முடிச்சை அடித்துணியில் வெளியே விட்டுவிடுகிறார்கள். உரசலில் முதலில் பிரிவது அதுதான். 45 செ.மீ.க்கு மேல் நூல் எடுக்காமல் நுனியில் சின்ன முடிச்சுப் போடுங்கள். தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஊசியை மேல்துணியில் நுழைத்து, பஞ்சுக்குள்ளேயே ஓட்டித் தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். ஒரு சின்ன வெடுக்கு இழுப்பு. முடிச்சு துணிக்குள் போய்ப் பஞ்சில் தங்கிவிடும். வலுவாக இழுத்தால் மறுபடி வெளியே வந்துவிடும், இரண்டு முறை பழகினால் கை கண்டுகொள்ளும். இரவு விளக்கில் கருந்துணியில் கருநூலால் தைக்கும் வேலையை மட்டும் பகலுக்குத் தள்ளி வையுங்கள். கண்ணும் விரல் மூட்டும் வலிக்கும் வயதில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் வேலையின் ஒரு பகுதிதான்.

போர்வையில் முதலில் கிழிவது ஓரம். அதற்கு ஒற்றைத் துணியை மடித்துத் தைத்தால் போதாது. ஓரத்தைச் சுற்றி வரும் பட்டியை இரட்டையாக மடித்துத் தையுங்கள்.

பெயர் எழுதாமல் கொடுப்பதையும் தவறு என்றே சொல்வேன். யாருக்கு, யார் தைத்தது, எந்த ஆண்டு என்று ஒரு சின்னத் துணியில் சலவைக்கு அழியாத மையாலோ நூலாலோ எழுதிப் பின்புறத்தில் தைத்துவிடுங்கள். கூடவே ஒரு தாளில் துவைக்கும் முறையையும் எழுதிக் கொடுங்கள்: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, வெளுப்பான் வேண்டாம், முதல் சலவையைத் தனியாகப் போட வேண்டும். ‘பத்திரமாக அலமாரியில் வை’ என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்ன போர்வையைக் குழந்தை தொடவே பயப்படும். கிழிந்தால் ஒட்டுப்போட, பயன்படுத்திய துணிகளில் கைக்குட்டை அளவு மிச்சத்தையும் சேர்த்துக் கொடுங்கள். போர்வையைத் துவைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுகளையும் கூடவே போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகவே வெளுத்தால்தான் பிற்காலத்தில் போடும் ஒட்டு தனியாகத் தெரியாது.