அழுக்கு நீரை ஊரார் பார்வைக்கு வைப்பது எப்படி?

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து திருகோணமலையின் கொட்டியார்க் குடாவில் கலப்பதால், வழியில் அதில் சேரும் கழிவின் சுமையை மூதூர், கிண்ணியா மீனவர்களும் தாங்க வேண்டியிருக்கிறது. முழு ஆற்றையும் ஒரு குழுவால் மீட்க இயலாது. எனவே உங்கள் ஊரில் அதில் விழும் ஒரேயொரு வடிகானைத் தெரிவு செய்யுங்கள்.

வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கையுறை அணிந்து கண்ணாடிப் போத்தலில் நீரை எடுத்து இறுக மூடி, திகதியையும் மணத்தையும் மழை பெய்ததா என்பதையும் எழுதி அதில் ஒட்டி, ஒரு பதிவேட்டிலும் குறித்துவையுங்கள். சில மாதங்களில் அந்தப் போத்தல்களை வாசிகசாலைத் திண்ணையில் வரிசையாக வைத்தால் அதுவே கண்காட்சி. அழகான சுவரோவியத்தைவிட அது அதிகம் பேசும் என்பதே என் உறுதியான எண்ணம்.

சீனாவின் செங்டு நகரில் 1995 இல் கலைஞர் யின் சியூஜென் ஆற்றின் அழுக்கு நீரையே பனிக்கட்டிப் பாளங்களாக உறையவைத்து அடுக்க, வழிப்போக்கர்கள் தூரிகையும் தூய நீரும் கொண்டு அவற்றைக் கழுவினார்கள். அந்தக் கலை முயற்சிகளை ஒருங்கிணைத்த அமெரிக்கக் கலைஞர் பெற்சி டேமனின் வடிவமைப்பில், ஆற்று நீரைத் தாவரப் படுகைகள் வழியே தெளியவைக்கும் பூங்கா 1998 இல் அங்கு திறக்கப்பட்டது. ஆற்றின் சிறு பங்கே அங்கு தூய்மையாகிறது. ஆனால் நீர் எப்படித் தெளிகிறது என்பதை மக்கள் நேரில் காண்கிறார்கள். யின் சியூஜென் போல் இங்கும் அழுக்கு நீரை உறையவைத்துக் காட்ட விரும்பினால், மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் இடத்தில் அந்த நீரை ஒருபோதும் உறையவைக்காதீர்கள்.

கூத்தோ வீதி நாடகமோ நடத்தினால், கதையில் அந்த வடிகானின் பெயரும் உங்கள் பதிவுகளும் இடம்பெறட்டும். தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்பு வையுங்கள்.

பார்வையாளர்களிடம் அங்கேயே கையொப்பம் பெற்று, பதிவேட்டின் பிரதியுடன் உள்ளூராட்சி சபையிலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் முறைப்பாடு கொடுங்கள். கழிவை வெளியேற்றும் நிறுவனத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உண்டா, அதன் நிபந்தனைகள் எவை என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். கையளித்த நாளை எழுதிக்கொள்ளுங்கள், ஏற்புச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு கரையோரத்தில் கண்டல் மரங்களும் நடுவதாயின், வனத் திணைக்களத்தின் ஆலோசனையுடன், ஏற்கெனவே கண்டல் நிற்கும் சேற்றுக்கரையை ஒட்டி, அங்குள்ள இனங்களையே நடுங்கள். கடற்புல் வளரும் இடத்தில் நடக் கூடாது.