பென்சில்வேனியா மான் வேட்டை: சக்கிமுக்கித் துப்பாக்கியில் மருந்து பற்றாமல் போவது ஏன்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். கல் எஃகில் உரசி எழும் பொறியால் வெடிக்கும் பழைய வகைத் துப்பாக்கி இது. 1974 முதல் நடந்து வருகிறது. பனியும் ஈரமும் நிறைந்த நாட்கள். இங்கே மான் தப்புவது பெரும்பாலும் குறி பிசகியல்ல, வெடிமருந்து பற்றாமல்தான்.

முதலில் குழல் காலியா என்று, குண்டைத் தள்ளும் கோலை விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். எண்ணெய் ஊறிய மருந்து எரியாது. 0.50 அங்குலக் குழலுக்கு 2எஃப் எனும் சற்றுப் பருமணிக் கருமருந்து 70 முதல் 80 கிரெய்ன் (சுமார் 4.5 முதல் 5 கிராம்) போதும். அளவுக் குப்பியில் எடுத்தே ஊற்ற வேண்டும். குழலில் கனல் மிஞ்சியிருந்தால், மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராக ஊற்றும்போது கொம்பே கையில் வெடிக்கும். இக்காலத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை ஒருபோதும் போடாதீர்கள், குழல் பிளந்துவிடும்.

0.490 அங்குல ஈயக் குண்டை, மசகு தடவிய 0.015 அங்குலப் பருத்தித் துணியில் வைத்து, மருந்தின் மேல் படியும்வரை தள்ளுங்கள். இடைவெளி விழுந்தால் ஆபத்து. அதனால் முழுதாக இறங்கிய நிலையைக் கோலில் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிண்ணம்: குழலின் பக்கத்துளைக்கு வெளியே, பொறி விழுந்து முதலில் பற்றும் மருந்தை வைக்கும் இடம். காட்டில் நிலைகொண்ட பிறகே 4எஃப் எனும் மிக நுண்ணிய மருந்து இடவும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் போதும். கூடுதலாகப் போட்டுப் பக்கத்துளையை மூடினால், தீ உள்ளே பாயாமல் திரிபோல ஊர்ந்து போகும். அந்தத் தாமதத்தில் குறி நகர்ந்துவிடும். கல்லைத் தோல் சுற்றி இறுக்குங்கள். அதன் விளிம்பு எஃகுத் தகட்டின் முழு அகலத்திலும் ஒரே நேரத்தில் பட வேண்டும். ஈரக்காற்றில் கிண்ண மருந்து கருஞ்சேறாகும். அரைமணிக்கொருமுறை துடைத்துப் புதிதாக இடுங்கள். கல்லும் கிண்ணமும் உள்ள விசைப்பகுதிக்குத் தோலுறை போடுவது நல்லது. குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் உள்ளும் புறமும் வியர்க்கும்.

50 கஜத்துக்குள் பக்கவாட்டில் நிற்கும் மானின் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவையுங்கள். கிண்ணம் பளிச்சிடும்போது கண்ணை மூடாமல், குண்டு வெளியேறும்வரை குறியிலேயே நில்லுங்கள். வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். பிறகு துளையைக் கம்பியால் குத்திப் புதுமருந்து இடலாம்.

சுட்டதும் மானைத் துரத்தாமல் மறுபடி நிரப்பிக்கொண்டு அரைமணி காத்திருங்கள். அன்றிரவே சோப்பு கலந்த வெந்நீரில் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுங்கள். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும்; ஓரிரவு விட்டாலே துருப்பிடிக்கத் தொடங்கும்.