எங்க்ராத்தேயா: தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க்ராத்தேயா என்பது, எழும் கெட்ட ஆசையை அடக்கி வெல்வதைக் குறிக்கும் கிரேக்க அறவியல் சொல். அகராதியில் அதற்கு 'தன்னடக்கம்' என்று பார்த்த கையோடு எழுத உட்காருபவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். எழுத்துப் பிழைகளை விட்டுவிடுவோம்.

ஸோஃப்ரோசினேயோடு குழப்புவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஸோஃப்ரோசினே என்பது கெட்ட ஆசையே எழாத நிதானம். இரண்டையும் 'புலனடக்கம்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியலில் ஏழாம் நூல் விளங்கவே விளங்காது.

தின்னக்கூடாத இனிப்பு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஸோஃப்ரோனுக்கு, அதாவது ஸோஃப்ரோசினே உள்ளவனுக்கு, நாவூறுவதே இல்லை. எங்க்ராத்தேயா உள்ளவனான எங்க்ராத்தேஸுக்கு ஊறுகிறது, கை நீளவில்லை. அடக்க முடியாதவனான அக்ராத்தேஸுக்கும் ஊறுகிறது, கூடாதென்றும் தெரிகிறது, ஆனாலும் தின்றுவிட்டுப் பிறகு வருந்துகிறான். கட்டற்ற இன்பநாட்டக்காரனான அகோலாஸ்தோஸ் தின்பதே சரியென்று முடிவெடுத்துத் தின்கிறான், அவனுக்கு வருத்தமில்லை. நல்ல சட்டங்களை இயற்றிவிட்டு ஒன்றையும் நடைமுறைப்படுத்தாத நகரம் போன்றவன் அக்ராத்தேஸ் என்கிறார் அரிஸ்டாட்டில்.

ஆகவே எங்க்ராத்தேயாவுக்கு ஆசை பலமானதாகவும் கெட்டதாகவும் இருந்தாக வேண்டும். ஆசையே எழாதவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுப்பது பாராட்டாகாது, அவனை ஒரு படி இறக்குவதாகும். பத்தியில் உள்ளுக்குள் மல்லுக்கட்டு நடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சொல் வேறு.

யாருடைய நூல் என்பதையும் பாருங்கள். குடியரசு நான்காம் நூலில் பிளேட்டோ, ஸோஃப்ரோசினேயையே இன்பங்களின் மீதான ஒருவகை எங்க்ராத்தேயா என்கிறார். அங்கே மேற்சொன்ன பிரிவு செல்லாது.

பிடிவாதத்தை உறுதி என்பது

எடுத்த முடிவில் நிற்பதெல்லாம் எங்க்ராத்தேயா ஆகாது; கைவிடுவதெல்லாம் அக்ராசியா, அதாவது அக்ராத்தேஸின் அடக்கமின்மை, ஆகாது. சோஃபக்ளீஸின் ஃபிலோக்டெட்டீஸ் நாடகத்தில், ஒடிசியஸ் சொல்கேட்டுப் பொய்சொல்ல இசைந்த நியோப்டோலெமஸ் பின்னால் மனம் மாறுகிறான். அவன் முடிவைக் கைவிட்டது உண்மை பேசுவதில் உள்ள உயர்ந்த இன்பத்துக்காக; அது அக்ராசியா ஆகாது என்பது அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு.

'சுயசித்தம்' என்று பெயர்ப்பது

சுயசித்தம் என்பது தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம்; அதற்கு அவுட்டெக்சூசியோன் என்ற பிற்காலச் சொல் தனியே உண்டு. கிறிஸ்தவ இறையியலில் அதிகம் புழங்கியது. அரிஸ்டாட்டிலிடம் இருப்பது ப்ரோஹாய்ரெசிஸ், ஆராய்ந்து தேர்வது. அக்ராத்தேஸ் மீறுவது அதைத்தான்.

கார்த்தேரியா

வலியைத் தாங்குவது. எங்க்ராத்தேயா இன்பத்தை வெல்வது.

உச்சரிப்பு

கிரேக்க எழுத்தான காப்பாவுக்கு (κ) முன் வரும் காமா (γ) 'ங்' என ஒலிக்கும். 'எக்ராத்தேயா' தவறு.

விவிலியத்தில்

கலாத்தியர் 5:23இல் பழைய தமிழ் விவிலியம் தரும் 'இச்சையடக்கம்' நல்ல சொல். ஆனால் பவுலை அரிஸ்டாட்டிலின் நால்வர் அட்டவணைக்குள் திணிக்காதீர்கள். 1 கொரிந்தியர் 9:25இல் இதே சொல்லின் வினைவடிவம் வாகைக்காகப் பயிற்சி எடுக்கும் பந்தய வீரரைக் குறிக்கிறது.