வாசனை மெழுகுவத்தியில் சிக்கனம் பார்க்காதீர்கள்

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க குடுத்த மெழுகுவத்தி நடுவுல கிணறு மாதிரி இறங்கிடுச்சு. தீக்குச்சி திரிக்கு எட்டவே மாட்டேங்குது."

"ஒரு தடவை ஏத்துனா எவ்வளவு நேரம் விடுவே?"

"பத்து நிமிஷம்தான். வாசனை வந்ததும் அணைச்சிடுவேன். வீணாகக் கூடாதுல்ல?"

வீட்டில் நானே வார்த்து விற்கத் தொடங்கும் முன் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். திரைச்சீலைப் பக்கம் வைக்காதே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

முதல் தடவையே அவசரமாக அணைப்பது

நமக்கு மெழுகுவத்தி என்றாலே கரண்ட் கட்தான். கரண்ட் வந்த நொடியில் ஊதி அணைத்து, மிச்சத்தை அலமாரியில் பத்திரப்படுத்துவோம். ஒல்லியான வெள்ளை மெழுகுவத்திக்கு அது சரி. ஜாடியில் வார்த்ததற்கு அந்தச் சிக்கனம்தான் எமன்.

திரி நடுவில் இருக்கிறது. சூடு அங்கிருந்து மெல்ல ஓரத்துக்குப் பரவி, மேல்பரப்பு முழுக்க உருகிக் கண்ணாடியைத் தொட வேண்டும். ஜாடியின் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது கணக்கு. 3 அங்குல ஜாடி என்றால் 3 மணி நேரம். பாதியில் அணைத்தால் உருகிய இடம் மட்டும் பள்ளமாகி, சுற்றிலும் மெழுகு மதில் மாதிரி நிற்கும். மறுநாள் சுடர் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே எரியும். கடைசியில் திரி தன் மெழுகிலேயே மூழ்கிப் போகும். வாசனை எழுவதும் உருகிய பரப்பிலிருந்துதான். பரப்பு சுருங்கினால் அதுவும் சுருங்கும்.

என் முதல் ஜாடி மல்லிகை வாசனை, 900 ரூபாய். விருந்தாளி வந்தால் கால் மணி நேரம் ஏற்றுவேன். இரண்டே மாதத்தில் திரி செத்தது. முக்கால்வாசி மெழுகு அப்படியே சுவரில் ஒட்டியிருந்தது. தோசைத் திருப்பியால் சுரண்டியதில் கண்ணாடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பள்ளம் ஆழமாகவில்லை என்றால் மீட்கலாம். அலுமினியத் தாளால் ஜாடியின் வாயைச் சுற்றி மூடி, நடுவில் மட்டும் திறப்பு விட்டு ஏற்றுங்கள். சூடு ஓரத்துக்குத் திரும்பி மதில் உருகும். பக்கத்திலேயே இருங்கள், தாள் நன்றாகச் சுடும்.

அதற்காக ஒரே மூச்சில் 4 மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம்.

திரியை வெட்டாமல் ஏற்றுவது

ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள், மெழுகு ஆறிய பிறகு. நீண்ட திரி அதிக மெழுகை இழுக்கும். எரிந்து தீராதது கரியாகிக் கண்ணாடியில் படியும். நகவெட்டி போதும். குத்துவிளக்கைத் தூண்டிப் பழகிய கை தீக்குச்சியால் கிளறிவிட்டு, குச்சியை உள்ளேயே போட்டுவிடும். அப்புறம் அந்தக் குச்சியும் ஒரு திரியாகப் பற்றிக்கொள்ளும்.

ஃபேனுக்குக் கீழே வைப்பது

மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். ஆனால் காற்றில் சுடர் ஒருபக்கம் சாய்ந்து, அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் கறுத்துச் சூடேறும். ஐப்பசி மழைக்கு எடுத்து வையுங்கள், வெயில் படாத இடத்தில்.

தண்ணீர் ஊற்றி அணைப்பது

கூடவே கூடாது. மெழுகு தெறிக்கும், கண்ணாடி விரிசல் விடும்.

கடைசிச் சொட்டு வரை எரிப்பது

அடியில் அரை அங்குலம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே போனால் சூடு நேராகக் கண்ணாடியில் இறங்கும். ஆறிய ஜாடியை ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் மெழுகு சுருங்கிக் கழன்றுவரும். இது தெரிந்த பிறகுதான் என் 900 ரூபாய் ஜாடியும் காலியானது. கழுவிச் சீரகம் போட்டு வைத்தேன். ரசத்தில் மல்லிகை மணத்தது. இப்போது அதில் ஹேர்பின் இருக்கிறது.