கேத்தியிலிருந்து தயாரிப்பாளர் ஆவது எப்படி

ஊட்டி பக்கத்துக் கேத்தியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் போன் போட்டான். பி.காம். முடித்தவன். "அண்ணா, சினிமா தயாரிப்பாளர் ஆகணும்ங்க. சென்னைக்கு எப்பக் கிளம்பட்டும்?" என்று கேட்டான். இப்போதைக்குக் கிளம்பாதே, அடுத்த படப்பிடிப்பு யூனிட் மலையேறும்போது புரொடக்‌ஷனில் சேர்ந்துகொள் என்றேன். அன்றைக்கு அவனுக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நான் ஊட்டி சேரிங்கிராஸில் யூனிட்டுகளுக்கு ஜீப் பிடித்துக் கொடுத்து ஆரம்பித்தவன். லோக்கல் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர், பிறகு சென்னையில் ஒரு கம்பெனியில் எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் (நிர்வாகத் தயாரிப்பாளர்) என்று வர எனக்குப் பதினாறு வருடம் ஆனது. பணம் போடுகிறவர்தான் தயாரிப்பாளர் என்று ஊரில் நினைக்கிறார்கள். பணம் பைனான்சியரிடம் வட்டிக்குக்கூடக் கிடைக்கும். அது எந்த நாளில், எந்த இடத்தில், யார் கைக்குப் போக வேண்டும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் கம்பெனிகளில் பஞ்சம்.

முதலில் நிலம் யாருடையது என்று படியுங்கள். பைக்காராவை எடுத்துக்கொள்ளுங்கள். அணை மின்வாரியத்தின் கையில், படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம், கரையைத் தாண்டினால் வனத்துறை. தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது, தண்டவாளம் தெற்கு ரயில்வேயுடையது. ஒரே ஷாட்டுக்குள் மூன்று அலுவலகம் வந்துவிடும். புதிதில் ஒரு துறையின் அனுமதிக் கடிதத்தை மட்டும் நம்பி யூனிட்டை இறக்கிவிட்டேன். கேமரா வைத்த மேடு வேறு துறைக்குச் சொந்தம். நாற்பது பேர் அரை நாள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து கேமரா எங்கே, ஜெனரேட்டர் எங்கே, சாப்பாட்டுப் பந்தி எங்கே என்று கையால் வரைந்த படம் இல்லாமல் நான் எந்த மனுவும் கொடுத்ததில்லை.

அடுத்தது மழை. இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இது எவ்வளவு பெரிய சொத்து என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சி, கூடலூர் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தப் பருவத்தில் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே கோத்தகிரியில் பெரும்பாலும் வேலை ஓடும். நவம்பரில் நிலைமை தலைகீழ். குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும், மலை ரயிலே நின்றுபோகும். ஜூலைப் படப்பிடிப்பு ஷெட்யூலை அவலாஞ்சியில் போட்டிருக்கும் டைரக்டரிடம், கோத்தகிரியில் அதே சரிவும் அதே தேயிலையும் இருக்கிறது என்று போட்டோவோடு காட்டுங்கள். ஐந்து நாள் வாடகையும் பேட்டாவும் மிஞ்சும். அதோடு, மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் எடுக்க ஒரு இன்டோர் சீனைத் தினமும் கையில் வைத்திருங்கள்.

ஏப்ரல், மே சீசனில் அறை வாடகை எகிறும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேறு. எல்லா வண்டி எண்களையும் முன்பே பதிந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருப்பதைக் கீழேயிருந்து வரும் யூனிட்டுக்கு முதல் போனிலேயே சொல்லிவிட்டு, கேனும் எவர்சில்வர் டம்ளரும் ஏற்பாடு செய்யுங்கள்.

இனி வவுச்சர், அதாவது கொடுத்த பணத்துக்குக் கையெழுத்து வாங்கும் சீட்டு. என்னைக் கேட்டால் தொழிலே அதில்தான் இருக்கிறது. ஒரு முறை படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆன மறுநாள் விடியும் முன்பே ஒரு கம்பெனி கீழே இறங்கிவிட்டது. பதினோரு டிரைவர்களுக்கு நான்கு நாள் வாடகை பாக்கி. அவர்கள் என் முகத்தைப் பார்த்து வண்டி எடுத்தவர்கள். மூன்று மாதத்தில் நானே அடைத்தேன். அதன் பிறகு என் யூனிட்டில் அன்றன்றைய கணக்கு அன்றன்றைக்கே. தேதி, சீன் நம்பர், பெயர், எதற்காக, எவ்வளவு. கார்பன் தாள் வைத்து எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுவேன். குளிரில் விரல் மரத்துப்போய் டிரைவர் கையெழுத்துப் போடச் சிரமப்படுவார். டீ கிளாஸை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். இரவில் எல்லா வவுச்சரையும் கூட்டி, பட்ஜெட்டில் அந்த நாளுக்குப் போட்ட தொகையோடு ஒத்துப் பாருங்கள். ஒரு ஷெட்யூல் முழுக்க இப்படிச் செய்தவனுக்குப் பட்ஜெட் போடத் தனியாக வகுப்பு வேண்டாம்.

பட்ஜெட்டுக்கு முன்னால் பிரேக்டவுன், அதாவது ஒவ்வொரு சீனுக்கும் என்னென்ன வேண்டும் என்ற பட்டியல். கேத்தி ஸ்டேஷன், பகல், மழை, அம்மாவை மகன் ரயிலேற்றி அனுப்புகிறான் என்று ஒரு சீன் இருக்கட்டும். நடிகர்கள், கூட்டம், மழைக்குத் தண்ணீர் லாரி, ரயில் வாடகை, ரயில்வே அனுமதி, குடை, மாற்று உடை எல்லாம் வரிசையாக எழுத வேண்டும். கதையில் புகை விடும் என்ஜின் என்று இருந்தால் அங்கேயே பென்சிலை நிறுத்துங்கள். குன்னூருக்கு மேலே வழக்கமாக ஓடுவது டீசல் என்ஜின். நீராவி வேண்டுமென்றால் குன்னூருக்குக் கீழே ரன்னிமேடு, ஹில்குரோவ் என்று இடத்தை மாற்றலாமா எனக் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை ஷூட்டிங்குக்கு இரண்டு மாதம் முன்பே கேட்பவர்தான் எக்ஸிகியூட்டிவ்.

வியாபாரத்தையும் விட்டுவிடாதீர்கள். விநியோகத்தில் நம் மாவட்டம் கோவை ஏரியாவில் சேரும். அவுட்ரைட்டில், அதாவது ஒரே விலைக்கு மொத்தமாக விற்றால் லாபநஷ்டம் வாங்கினவருக்கு. எம்.ஜி. (மினிமம் கேரண்டி) முறையில் பேசிய தொகை தயாரிப்பாளருக்கு நிச்சயம், அதற்கு மேல் வந்தால் பங்கு. அட்வான்ஸ் முறையில் வசூல் குறைந்தால் மீதியைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். முதல் பிரதி அடிப்படை என்றால், பேசிய தொகைக்குள் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். மிஞ்சினால் உங்களுக்கு, மீறினால் உங்கள் தலையில். மூன்று ஷெட்யூல் வவுச்சர் எழுதாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சினிமா என்றாலே சென்னைதானே என்று வீட்டில் கேட்பார்கள். டி.ஆர். சுந்தரம் சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கி, அந்த ஸ்டுடியோ நூறு படங்களுக்கு மேல் எடுத்ததைச் சொல்லுங்கள். சென்னைக்குப் போகிற நாளும் வரும். அன்றைக்குப் பயோடேட்டாவோடு, நீங்களே போட்ட ஒரு பிரேக்டவுன், பட்ஜெட், முடிந்த ஷெட்யூலின் கணக்கு மூன்றையும் ஒரே பைலில் கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பி போன வாரம் ஸ்டேஷன் சீனுக்குப் பிரேக்டவுன் எழுதி அனுப்பியிருந்தான். அம்மாவின் பெட்டி, படுக்கை வரைக்கும் குறித்திருக்கிறான். தண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்று எழுதவில்லை. ஸ்டேஷன் ரோட்டை நேரில் அளந்து பார்த்து எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.