ஆலயத்துக்குக் கலைப்பணி: மலையகச் சபைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடவோ வரையவோ தப்பு (பறை) அடிக்கவோ தெரிந்த ஒருவர்கூட இல்லாத தேயிலைத் தோட்டக் கிறிஸ்தவச் சபை இலங்கை மலையகத்தில் அரிது. திறமைக்குப் பஞ்சமில்லை. சபையைப் பார்க்காமல் படைப்பை முதலில் முடிவு செய்துவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. யார் சேர்ந்து பாடுவார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள், அது மழை மாதமா என்று கேட்ட பிறகே பாட்டையும் படத்தையும் தேர்ந்தெடுங்கள்.

பாடகர் குழுவின் முதல் தவறு சுருதியில் நேர்கிறது. ஒலிப்பதிவில் கேட்ட அதே சுருதியில் எடுத்தால் முன்னால் நிற்பவருக்குச் சிறக்கும். சபையோ இரண்டாவது அடியிலேயே அமைதியாகிவிடும். பயிற்சியில்லாத பெண்குரலுக்கு நடு சி-யிலிருந்து அதற்கடுத்த ஸ்தாயியின் டி வரைதான் வசதி. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். ஜி ஸ்கேல் பாட்டு மேல் ஈ-யைத் தொடுகிறதா? கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை மைனஸ் 2-இல் வையுங்கள். உச்சம் டி-க்கு இறங்கிவிடும். அதிகாலை ஆராதனை என்றால் குரல் திறந்திருக்காது, மைனஸ் 3 நல்லது. புதுப்பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். முதல் வாரம் குழு மட்டும் பாடட்டும், இரண்டாம் வாரம் சபை பல்லவியைப் பிடிக்கட்டும், பிறகு முழுதாகப் பாடலாம்.

மழையை மறந்து நிகழ்ச்சி போடுவது அடுத்த தவறு. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை, பதுளை, பண்டாரவளை பக்கம் அக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழைக் காலம். தகரக் கூரையில் மழை அறையும்போது தனிக்குரல் தியானப் பாட்டு யார் காதிலும் விழாது. சத்தத்தைக் கூட்டினால் மைக் ஊளையிடும். ஸ்பீக்கர் பாடகருக்குப் பின்னால் இருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி அதை வையுங்கள். அந்த மாதங்களில் எல்லாரும் ஒரே குரலில் பாடக்கூடிய பாட்டே கைகொடுக்கும்.

தப்பை ஆலயத்துக்குள் கொண்டுவரும் சபைகள் நல்ல காரியம் செய்கின்றன. ஆனால் ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஓசை மங்கும். ஆராதனைக்கு முன் வெளியே சிறு தீயில், தோல் கருகாதபடி திருப்பித் திருப்பிக் காட்டி முறுக்கேற்றுங்கள். பாதியில் மறுபடி தளரும் என்பதால் காய்ச்சிய இன்னொரு தப்பும் தயாராக இருக்கட்டும். மிருதங்கத்தைத் தீயருகே கொண்டுபோகவே கூடாது, அதன் நடுவிலுள்ள கருப்புப் பூச்சான கரணை வெடித்துவிடும். இதையெல்லாம்விடப் பெரிய தவறு, தப்படிக்கும் வேலையைப் பழையபடி ஒரே குடும்பத்தின் தலையில் கட்டுவது. தெரிந்தவரை ஆசானாக முன்னால் அமர்த்தி, எல்லா லயத்து (தோட்ட வரிசைவீட்டு) பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கச் செய்யுங்கள். சாதி பார்த்து ஒதுக்கிய கருவியை அதே சாதிக் கணக்கோடு பீடத்தருகே வைப்பது நற்செய்திக்கே விரோதம்.

சுவரோவியத்தில் பணமும் உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன. பழைய கல் ஆலயங்களின் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் எனாமல் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, நிறம் கொப்பளித்து உரியும். ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி, 2 நாள் கழித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர் துளிர்த்திருந்தால் அந்தச் சுவரில் வரையாதீர்கள். ஈரம் தாங்கும் ப்ளைவுட் பலகையின் முன்னும் பின்னும் ஓரங்களிலும் ப்ரைமர் பூசி, அதில் வரைந்து, சுவருக்கும் பலகைக்கும் ஓர் அங்குல இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். புதுச் சிமெந்துப் பூச்சு என்றால் 28 நாளாவது காயட்டும்.

என்ன வரைவது? நாட்காட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பிரதியெடுக்கும் வழக்கம் வேண்டாம். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்டர் (1900–1975) என்ற இலங்கை ஓவியர் கிறிஸ்துவைத் தாடியில்லாதவராக, இலங்கை நிலக்காட்சியில் தீட்டியிருக்கிறார். போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள். கூடை சுமக்கும் பெண்ணும் மலைச்சரிவும் வேதக் காட்சிக்குள் வரலாம், தடையேதுமில்லை. வசனம் எழுதினால் 10 அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று கணக்கிடுங்கள். 40 அடி நீள ஆலயத்தில் 4 அங்குலத்துக்குக் குறைந்தால் கடைசி வாங்கிலிருப்பவர் சிரமப்படுவார். பெயின்ட் செலவை வரைபவரின் பையிலிருந்து எடுக்க விடாமல், ஆலயக் கமிட்டி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

ஒத்திகை நேரத்தில் கொஞ்சம் இரக்கம் வேண்டும். மாலை 4 மணிக்கு வைத்தால், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மாமார் வருவதற்குள் முடிந்துவிடும். வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாலோ அரைப்பேர் (பாதி நாள் கூலி) போகும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு 45 நிமிடம் வையுங்கள். நத்தார் (கிறிஸ்துமஸ்) நாடகத்துக்கு ஆறு ஞாயிறு முன்னதாகத் தொடங்கினால் போதும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு எழுதிய தாளை நீட்டாமல், அவர் வசனத்தைப் பேரப்பிள்ளையின் கைபேசியில் குரல்பதிவாகக் கொடுங்கள். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்.