அடிபட்டால் இழப்பீட்டுக்கு முதலில் செய்யவேண்டியவை

வண்டி மோதினாலும் சரி, ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாலும் சரி, வேலையிடத்தில் எந்திரத்தில் கை மாட்டினாலும் சரி, முதலில் உடம்பு தேறட்டும், இழப்பீட்டை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் சில நாட்களில் சேர்த்த ஆதாரம்தான் பின்னால் கைகொடுக்கும்.

அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். விபத்தின் பதற்றத்தில் வலி தெரியாது. கழுத்துவலி மறுநாள் காலையில் வரலாம், தலையில் பட்ட அடியால் மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம், குறிப்பாக வயதானவர்களுக்கு, சில வாரம் கழித்துக்கூட அறிகுறி காட்டலாம். எப்படி அடிபட்டது, எங்கெல்லாம் வலிக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிப் பதியவையுங்கள். பத்து நாள் கழித்துப் போனால், நடுவில் வேறெங்காவது விழுந்திருப்பீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

இடத்தைப் போட்டோ எடுங்கள், பார்த்தவர்களின் போன் நம்பரை வாங்குங்கள், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். ரத்தக்கறை படிந்த சட்டையையும் உடைந்த ஹெல்மெட்டையும் தூக்கிப்போடாதீர்கள்.

அப்புறம் எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன் வரும். ரொம்ப அன்பாகப் பேசுவார்கள். அந்த அன்பில் "தப்பு என்மேலும் இருக்கு" என்று வாய்விடாதீர்கள், யார் தப்பு என்பது பிறகு தீரவேண்டிய விஷயம். உடனே ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றால் நில்லுங்கள்: "முழு, இறுதித் தீர்வு" என்று எழுதியதில் கையெழுத்திட்டால், ஆறு மாதம் கழித்து அறுவைசிகிச்சை தேவைப்பட்டாலும் மறுபடி கேட்பது பெரும்பாலும் முடியாது.

ஆஸ்பத்திரி பில் மட்டுமல்ல, போன சம்பளம், இனி குறையப்போகும் வருமானம், வருங்கால சிகிச்சை, பட்ட வலி எல்லாவற்றுக்கும் பல நாடுகளில் கேட்கலாம். உங்கள் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தால், பல இடங்களில் அந்தப் பங்கைத்தான் கழிப்பார்கள், ஒரேயடியாக மறுக்கும் இடங்களும் உண்டு. ஏற்கெனவே முதுகுவலி இருந்ததே என்று மடக்கினால் பயப்படவேண்டாம், இருந்த வலியை விபத்து மோசமாக்கியிருந்தால் அந்த அளவுக்குப் பொறுப்பு அவர்களுடையதுதான். வேலையிடக் காயத்தில் பல நாடுகளில் முதலாளியின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை, 1884-இல் ஜெர்மனி சட்டமாக்கிய முறை அது.

காலக்கெடுவைக் கோட்டைவிட்டுவிட்டால் எவ்வளவு நல்ல வழக்கும் போச்சு. இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு, கலிபோர்னியாவில் 2 ஆண்டு, இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் சாலை விபத்து மனுவுக்குச் சட்டம் தருவது 6 மாதம்தான்.

வழக்கறிஞரிடம் கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் ஜெயித்தால் மட்டும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுப்பது வழக்கம், இந்தியாவில் அப்படிப் பங்கு பேச வழக்கறிஞர் விதிகள் அனுமதிப்பதில்லை. எங்கே இருந்தாலும், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.